பழைய காரைக் கழுவுவது பாதி வேலை, உலர்த்துவதுதான் மீதி

[காட்சி: துடைத்து முடித்த கார். கதவைத் திறந்ததும் அதன் அடி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.]

இந்தக் காரைக் கழுவித் துடைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. மேலே கையை வைத்துப் பாருங்கள், பொட்டு ஈரம் இல்லை. ஆனால் கதவுக்குள்ளிருந்து இன்னும் தண்ணீர் வருகிறது. பழைய காரை அரிப்பது இந்தத் தண்ணீர்தான்.

துருப் பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர வேண்டும். உப்பும் கூடினால் வேகம் அதிகம். நன்றாக இருக்கிற பெயிண்ட் தண்ணீரை இரும்பிடம் விடாது. அதனால் பானெட்டின் மேல் நிற்கிற தண்ணீரைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்த இடுக்கு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியின் உட்புறம், குரோம் பட்டியைப் பிடித்திருக்கும் கிளிப் துளை, பம்பரின் பின்பக்கம்: பெயிண்ட் சரியாகப் போய்ச் சேராத இடங்கள் இவைதான்.

போர்ஷே 911 காரின் உடலுக்கு 1976 மாடலிலிருந்து, துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தினார்கள். 1986-ல் வந்த ஆடி 80-யிலும் முழு உடலுக்கும் அந்தப் பூச்சு உண்டு. அந்தக் காலத்துக்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் வெறும் தகடு, அதன் மேல் பெயிண்ட், அவ்வளவுதான்.

[காட்சி: கதவின் அடியில் உள்ள சிறு துளை, அருகில்.]

கதவுக்குள் தண்ணீர் போவதை யாராலும் தடுக்க முடியாது. கண்ணாடி ஏறி இறங்க இடைவெளி வேண்டுமே! வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். அதற்காகத்தான் கதவின் அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்துவிடும். சில சமயம் மறுபடி பெயிண்ட் அடித்தவரே அடைத்திருப்பார். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இந்தத் துளைகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்திப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம், விளிம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச பெயிண்டும் போய்விடும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடையிலும் சருகு இருக்கும், எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது கழுவலாம். பிரஷர் வாஷரை உள்ளேயே வைத்துவிடுங்கள். பல வருடம் வெயில் பட்டு விறைத்துப் போன ரப்பர் பீடிங்கை (கதவு, கண்ணாடி ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டையை) தாண்டி, அது தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் பட்டால் சுற்றியுள்ளதையும் உரித்துவிடும். சாதாரண ஹோஸில் மெதுவாக, மேலிருந்து கீழே விட்டால் போதும். நிழலில், தகடு சூடாக இல்லாதபோது கழுவுங்கள். கார் ஷாம்பு போதும், பாத்திரம் கழுவும் திரவம் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். எஞ்சின் மேல் தண்ணீர் விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் அன்றைக்கு வண்டி கிளம்பாமல் போகலாம்.

மேலே வெறும் தூசி மட்டும்தானா? அப்படியென்றால் ஹோஸே வேண்டாம் என்பேன். அலசத் தேவையில்லாத கழுவு திரவம் கிடைக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, ஒரு பகுதியைத் துடைத்ததும் உடனே உலர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கெட்டியான சேறு இருந்தால் மட்டும் இந்த முறை கூடாது, கோடு விழும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தண்ணீருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். கடற்கரைப் பக்கம் ஓட்டியிருந்தாலோ, பனிக்காக உப்புத் தூவிய சாலையில் போயிருந்தாலோ, அடிப்பாகத்தை நன்றாக அலசியே ஆக வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள் மடிப்பில் சேரும் மண்ணும் ஈரச் சாக்கு மாதிரிதான், நாள்கணக்கில் காயாது. தண்ணீரில் ஊறவிட்டுக் கையாலேயே தோண்டி எடுங்கள்.

[காட்சி: கதவு, டிக்கி, பானெட் எல்லாம் திறந்து நிற்கும் கார்.]

இனிமேல்தான் முக்கிய வேலை. பெரிய டவலை விரித்துப் போட்டு இழுத்தால் மேல் ஈரம் போய்விடும். அப்புறம் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். கதவு நிலை, டிக்கியைச் சுற்றியுள்ள ஓடை, பீடிங்கைத் தூக்கி அதன் அடிப்பகுதி எல்லாவற்றையும் சிறு துணியால் துடையுங்கள். விளக்கு வளையம், எழுத்துகள், குரோம் பட்டிகளுக்கு ஊதும் பிளோயர் நல்லது. கம்ப்ரஸர் என்றால் முதலில் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஈரத்தைத் துப்பும். உள்ளே மேட்டையும் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள மெத்தை ஈரமாக இருக்கலாம்.

பிறகு ஓட்டுங்கள். கால் மணி, இருபது நிமிடம். எந்தத் துணியும் நுழையாத இடத்தில் காற்றும் எஞ்சின் சூடும் நுழையும். வழியில் பிரேக்கை அவ்வப்போது லேசாக அழுத்தினால், சக்கரத்துக்குள் பிரேக் ஷூ உரசி நிறுத்தும் டிரம்மும் காயும். ஈர டிரம்மோடு ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளக்கூடும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது. கழுவுவதைக் காலையில் வைத்துக்கொண்டால்தான் இதற்கெல்லாம் பகல் மிச்சமிருக்கும்.

திரும்பி வந்ததும் உடனே உறையைப் போர்த்தாதீர்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் எப்போதுமே வேண்டாம், உள்ளே வியர்க்கும். காற்றுப் போகிற துணி உறை மட்டும், அதுவும் கார் முழுக்க உலர்ந்த பிறகு.

துடைக்கும்போது பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகள் கண்ணில் படும். அந்த இடத்திலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்து, மறுநாள் உலர்ந்ததும் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் தொட்டு வையுங்கள். பெயிண்ட் கைவசம் இல்லையா, அதுவரை ஒரு துளி மெழுகாவது தடவி வையுங்கள்.