மாத்திரை கேட்கும் பிள்ளை

பெற்றோர்களே, மருத்துவ நண்பர்களே, மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களே, வணக்கம்.

மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்த வீரியமான வலி மாத்திரை கேட்டு வரும் இளைஞரைப் பார்த்தவுடன் நமக்குச் சந்தேகம் வருகிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1989-இல் வைஸ்மன், ஹேடாக்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 17 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். இரத்தப் புற்றுநோய், அதோடு நிமோனியா, நெஞ்சில் கடும் வலி. கொடுத்த மருந்து போதவில்லை. அதனால் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்கக் கேட்க, போதைக்குப் பழகிவிட்டான் என்று மருத்துவமனையில் நினைத்தார்கள். வலி தீராததால் வரும் இந்த நடத்தைக்கு அந்த இருவரும் 'போலி அடிமைத்தனம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பையனுக்கு அது நியாயம்தான்.

ஆனால் அதே சொல்லை மருந்து நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. நோயாளி அதிகம் கேட்டால் அளவைக் கூட்டுங்கள் என்று மருத்துவர்களிடம் பிரசாரம் நடந்தது. ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையின் அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துச் சொல்லி விற்றதாக, அதைத் தயாரித்த அமெரிக்க மருந்து நிறுவனமான பர்டியூவின் இணை நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டன. ஆக, எல்லாரையும் சந்தேகிப்பதும் தப்பு, எதையும் கேட்காமல் எழுதிக்கொடுப்பதும் தப்பு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கேள்வி போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, எந்த நேரத்துல மாத்திரை போடுற?" வலி வரும்போது என்றால் ஒரு கதை. "பரீட்சைக்கு முந்தின ராத்திரி", "வீட்டுல சண்டை வந்தா", "தூக்கம் வரலைன்னா" என்றால் அது வேறு கதை. மாத்திரை வலியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. வலி சரியாக அடங்கிய பிள்ளை கல்லூரிக்குப் போவான், விளையாடுவான். அளவு கூடக்கூட அறைக்குள்ளேயே முடங்கினால் கவனியுங்கள். மருந்துச்சீட்டு தொலைந்துவிட்டது என்று அடிக்கடி சொல்வது, இரண்டு மூன்று டாக்டர்களிடம் ஒரே மாத்திரை வாங்குவது, மாத முடிவுக்கு முன்பே பட்டை காலியாவது, இவற்றையும் பாருங்கள்.

மாத்திரை தள்ளிப்போனால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு வரலாம். வாரக்கணக்கில் தினமும் எடுத்த யாருக்கும் உடம்பு இப்படிப் பழகும். அதை மட்டும் வைத்து அடிமை என்று முத்திரை குத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீலகிரிப் பழங்குடி இளைஞர்களில் சிலருக்கு அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறது. அந்த எலும்பு வலி துடிக்க வைக்கும். மருத்துவர்களே, அவர்கள் கேட்கும்போது தயங்காமல் மருந்து கொடுங்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, அளவு மீறினால் வலிப்பும் வரும். அதே வகையைச் சேர்ந்த டேபென்டடாலையும் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தால் மூச்சு மெதுவாகி நின்றே போகலாம்.

பெற்றோர்களே, மீந்த மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், எண்ணியும் வையுங்கள். பிள்ளையிடம் பேச வார்த்தை வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.