அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டை: மாணிக்கமாலை டிசைன்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்கிறதா? ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மொட்டைமாடியில் நின்று பேசினால் மைக் இப்படித்தான் அலறும். காற்றாலைக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். இருங்கள், மாடிப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் இந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். அண்ணாச்சி கழுத்தில் கிடந்த டேப்பைத் தொடவே இல்லை. "ஆம்பளைக்கா, பொம்பளைக்கா? அத முதல்ல சொல்லு மக்ளே" என்றார். ரெண்டு பேருக்கும்தான் என்றேன். "அப்போ பட்டன் எந்தப் பக்கம் வைக்க?"

நியாயமான கேள்வி. ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். அலமாரியைத் திறந்து பாருங்கள், தெரியும். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பதில் கிடைத்தது தோவாளைப் பூச்சந்தையில். விடியுமுன்னே போனால்தான் அதன் அழகு. கல்யாண மாலை ஒரு ஜோடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே பூ. மாப்பிள்ளை மாலை எது, பெண்ணு மாலை எது என்று கேட்டேன். கட்டுகிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான், பட்டன் பிரச்சினை முடிந்தது.

பக்கத்திலேயே மாணிக்கமாலை. 2025இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். மற்ற மாலை உருண்டையாக இருக்கும், இது பாய் மாதிரி தட்டை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. பூவை அப்படியே கோர்க்காமல் மடித்து மடித்து வரிசையாக வைக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த நகைதான். பார்த்ததுமே துணிக்கு வரவேண்டிய டிசைன் இது என்று பட்டது. அத்தனையும் கட்டம்!

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இந்த அச்சைப் பாருங்கள். ரப்பர் ஷீட்டில் நானே செதுக்கியது, நாலு அங்குலச் சதுரம். மூன்று நிறம் என்றாலும் அச்சு இரண்டுதான். வெள்ளைக்கு அச்சு வேண்டாம், துணியே வெள்ளை. முதலில் சிவப்பு, அது காய்ந்த பிறகு பச்சை. காய்வதற்குள் அவசரப்பட்டால் என்ன ஆகும்? இதோ, இந்தத் துண்டில் பச்சை நகர்ந்து சிவப்பின் மேல் ஏறிக் கருவாட்டு நிறம் ஆகிவிட்டது. ஒன்றரை மீட்டர் காட்டன் காலி. இப்போது அது எங்கள் வீட்டுப் பிடிதுணி.

கழுத்துப் பட்டைக்கு வாருங்கள். சிவப்புக் கட்டத்தில் கறுப்பாக ஒன்று தெரிகிறதா? உறும்பு, எறும்புதான்! மாலையைக் கழுத்தில் போட்ட எல்லோரையும் அது ஒரு தடவையாவது கடித்திருக்கும். ஒரு சட்டைக்கு ஒரே ஒரு உறும்பு, எங்கே இருக்கும் என்று சொல்லமாட்டேன். தேடிக்கொள்ளுங்கள்.

தையல் சுருக்கமாக. துணியை முதலிலேயே நனைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டேன். தோள் தையல் கைப்பக்கம் இறங்கி விழும், அதனால் தோள் அகலம் யாரையும் உறுத்தாது. மார்புச் சுற்றளவு 44 அங்குலம். உடம்போடு ஒட்டப் பிடிக்கும் மடிப்புத் தையல், அதாவது டார்ட், கிடையாது. இடுப்பு பிடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் ஆறு அங்குலத் திறப்பு. பட்டனுக்குப் பதில் முன்கழுத்தில் ஒரு கீறல், கட்டிக்கொள்ளக் கயிறு, கயிற்று நுனியில் மாலைக்குத் தொங்குவது போலக் குஞ்சம். அண்ணாச்சி குஞ்சத்தை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. நானே கையால் தைத்தேன்.

தம்பி இதைச் சாரத்துக்கு, அதாவது லுங்கிக்கு, மேல் போட்டான். நன்றாகவே இருந்தது, அவனிடம் சொல்லவில்லை. அம்மா போட்ட விதம்தான் நான் நினைத்தே பார்க்காதது. நைட்டிக்கு மேல்! தெருவுக்குப் போகும்போது தோளில் ஒரு துண்டு போடுவார்களே, அந்தத் துண்டுக்குப் பதில் இந்தச் சட்டை.

எனக்குச் சட்டென்று ஆச்சி சொன்ன கதைகள் ஞாபகம் வந்தன. இந்த மண்ணில்தான் தோள்சீலைக்காகப் பெண்கள் அடி வாங்கினார்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசர் உத்தரவு போட்டு நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை உடுத்தலாம் என்றார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாதென்று ஒரு நிபந்தனை. பட்டன் எந்தப் பக்கம் என்று நான் மூளையைக் கசக்கியதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சட்டையைக் காட்டாமல் துணித்துண்டையும் அச்சையும் மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறேனே, ஏன் என்று கேட்பீர்கள். தம்பிக்குச் சாயங்காலம் கூட்டுக்காரன் கல்யாண வரவேற்பு, இதைத்தான் போடப்போகிறேன் என்று காலையிலேயே தேய்த்து வைத்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால் தெருவில் மீன்காரர் ஹார்ன் கேட்டது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு சாளை வாங்கப் போயிருக்கிறார்கள்.

இதோ கேட் சத்தம். கேமராவை அணைக்கிறேன், முதலில் சட்டையை மோந்து பார்க்க வேண்டும்.