பூட்டிய அலமாரியும் 350 மில்லிவோல்ட்டும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது, எழுதும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, இந்தக் கூடத்தை விடுமுறை நாளில் திறந்துவைத்த நூலகர் அவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தப் புழுக்கத்தில் பொன்னாடை போர்த்தினாலும், போட்டோ எடுத்த கையோடு கழற்றிக்கொள்ள அனுமதித்த பொருளாளர் அவர்களுக்குத் தனி நன்றி. நூலகரைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

தலைப்பு, ‘குறைந்த மின்சாரத்தில் பெரிய வேலை: அனந்த சந்திரகாசனின் ஆய்வுப் பயணம்’. மூன்று செய்திகள் சொல்ல உத்தேசம். ஒன்று, மின்னழுத்தம். இரண்டு, காது. மூன்று, உணரிகள், அதாவது சென்சார்கள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதம். என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: விரலுக்குத் தகுந்த வீக்கம். இன்றைக்கு அது நாலைந்து தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்திரகாசன் சென்னையில் பிறந்தவர். அமெரிக்கா போய், கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1989இல் இளநிலை, 1990இல் முதுநிலை, 1994இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே 1994இல் எம்.ஐ.டி.யில், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஆசிரியராகச் சேர்ந்தார். மின்பொறியியல், கணினி அறிவியல் துறைத் தலைவர், 2017இல் பொறியியல் பள்ளியின் டீன், 2025இல் புரோவோஸ்ட். அதாவது பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்பு முழுவதும் அவர் கையில். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும். ‘நம்ம ஊர்க்காரர்’ என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதற்காக நாம் கூடவில்லை.

அவர் மாணவராக இருந்த காலத்தில் சிப் உலகில் எல்லோருக்கும் வேகத்தின் மேல்தான் வெறி. மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்பது கடைசியில் பார்க்கும் கணக்கு. அப்போது, 1992இல், சந்திரகாசனும் சாமுவேல் ஷெங்கும் அவர்களுடைய பேராசிரியர் ராபர்ட் பிராடர்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிப் தின்னும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். பாதியாகக் குறைத்தால் செலவு கால்பங்கு. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் சிப் மந்தமாகிவிடுமே? ஆகட்டும் என்றார்கள். ஒருவன் ஓடி ஓடிச் செய்யும் வேலைக்கு இரண்டு பேரை வைத்து, இருவரையும் நடக்கச் சொன்னால் என்ன? ஒரே சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் பாதி வேகத்தில். அவர்கள் காட்டிய உதாரணத்தில் 5 வோல்ட் 2.9 வோல்ட்டாக இறங்கியது. சிப்பில் இடம் மூன்று மடங்குக்கு மேல் பிடித்தது, உண்மைதான். ஆனால் வேலையின் அளவு குறையாமல், மின்செலவு ஏறத்தாழ 36 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இடம் வருடா வருடம் மலிவாகிக்கொண்டிருந்த தொழிலில் இது நல்ல பேரம்.

சரி, இறக்கிக்கொண்டே போனால்? சிப்புக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ‘திறக்கிறது’ என்று நாம் பாடத்தில் சொல்லும் எல்லைக்கும் கீழே போனார்கள். அலைகளைப் பிரித்தாயும் ஒரு சிப்பை ஆலிஸ் வாங்கும் சந்திரகாசனும் 180 மில்லிவோல்ட்டில் ஓட்டிக் காட்டினார்கள். டார்ச் லைட் பேட்டரி ஒன்றின் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு! ஆனால் எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அந்தச் சிப் ஒரு கணக்கை முடிக்க மிகக் குறைந்த ஆற்றல் எடுத்துக்கொண்டது 180இல் இல்லை. 350 மில்லிவோல்ட் பக்கத்தில். காரணம், ரொம்பவும் இறக்கினால் வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது. முடியும் வரைக்கும் மூடாத குழாய் மாதிரி மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கிறது. மிச்சப்படுத்தியதைக் கசிவு தின்றுவிடுகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றால் வீக்கம் கூடிவிடக் கூடாது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். குறையவும் கூடாது என்கிறது இந்த 350.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். இறுதியாண்டில் ஒரு பெண். அவள் அப்பாவுக்கு வாழைத்தோட்டம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சொல்லும் உணரி ஒன்றை ப்ராஜெக்டுக்காகச் செய்தாள். மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் சின்னக் கணினி அட்டையான ஓர் அர்டுயினோ போர்டு, ஓர் ஈர உணரி, ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி. லேப் ஜன்னலில் துளசித் தொட்டி வைத்து அதில் செருகினாள். மாலையில் ஓடியது, காலையில் செத்துக் கிடந்தது. மூன்று நாளில் மூன்று பேட்டரி. “கரண்ட் எங்க சார் போகுது?” என்று வந்து நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பெரிய பேட்டரியா வாங்கும்மா.” இருபத்திரண்டு வருட அனுபவத்தின் பதில் அது.

அவள் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து, மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தாள். மின்னோட்டம் அளக்கும் துளையில் வயரைச் செருகி, பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்துவிட்டாள். சுற்றின் நடுவில் கோத்து அளக்க வேண்டியதை இப்படிக் குறுக்கே வைத்தால் அது ஷார்ட். வெடிச்சத்தம், புகை எதுவும் இல்லை. உள்ளே இருந்த ஃபியூஸ் அமைதியாகப் போய்விட்டது. திரையில் சுழியம். பாவம், மின்சாரமே ஓடவில்லை போல என்று அவள் நோட்டில் எழுதிவைத்துவிட்டாள். மறுநாள் லேப் அசிஸ்டென்ட் கண்டுபிடித்து, இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் ‘பழுது’ என்று எழுதினார். விசாரணை நடந்தது. ஒரு ஃபியூஸ்தான் ஐயா! அதற்கு மூன்று பேர் கையெழுத்து. முடிவில், இனிமேல் அலமாரி பூட்டியிருக்க வேண்டும், சாவி துறைத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் துறைத் தலைவர் யார் என்று பார்க்கிறீர்களா? நான்தான்.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கும் சொந்தக்கார அண்ணனிடம் மீட்டர் இரவல் வாங்கி, இந்தமுறை சரியாகக் கோத்திருந்தாள். திரையில் 48 மில்லி ஆம்பியர். சதுர பேட்டரிக்கு அது பத்து மணி நேரச் சாப்பாடு. அப்புறம் உணரியைப் பிடுங்கிக் காட்டினாள். 45. “சார், சென்சாரே இல்லாமயும் இவ்வளவு குடிக்குது சார்!” போர்டின் மேல் சும்மா எரியும் விளக்கு, சும்மா சூடாகும் ரெகுலேட்டர், கேட்பாரில்லாமல் விழித்திருக்கும் துணைச் சிப்புகள். மண்ணின் ஈரத்தை அளக்க ஆனது வெறும் 3.

அவள் போர்டைத் தூக்கிப் போட்டாள். சிப்பை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு பென்சில் பேட்டரியில் கட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழி, உணரிக்கு ஒரு நொடி மின்சாரம் கொடு, அளந்துகொள், தூங்கு. தூங்கும்போது ஓடியது ஒற்றை இலக்க மைக்ரோ ஆம்பியர். பட்டமளிப்பு விழாவுக்கு அவள் வந்தபோதும் துளசித் தொட்டியில் அது ஓடிக்கொண்டிருந்தது. துளசிதான் காய்ந்துவிட்டது, மண்ணில் ஈரம் இல்லை என்று அது மணிக்கொருதரம் சொன்னதை விடுமுறையில் யாரும் பார்க்கவில்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கத்தை நான் பாடமாக நடத்தினேன். அவள் அளந்து பார்த்தாள். பூட்டியவன் நான்.

காது விஷயத்துக்கு வருகிறேன். நம் உட்செவியில், நத்தை எலும்பு என்று பள்ளியில் படித்தோமே, அங்கே இயற்கையாகவே ஒரு பேட்டரி இருக்கிறது. 70 முதல் 100 மில்லிவோல்ட் வரை. காது கேட்பதே அந்த அழுத்தத்தால்தான். 2012இல் சந்திரகாசன் குழுவும் காது அறுவை மருத்துவர் கான்ஸ்டன்டினா ஸ்டான்கோவிச்சும் சேர்ந்து, கினிப்பன்றியின் காதிலிருந்து அந்த மின்சாரத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு ரேடியோ சிப்பை ஓட்டினார்கள். கிடைத்தது ஒரு நானோவாட் அளவு, வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதிகமாக உறிஞ்சினால் காது கெடும். அதனால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிமிடக் கணக்கில் காத்திருந்து, ஒரு துளி செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்கும் சிப். அந்தக் குறைந்த அழுத்தத்தில் அது தானாகக் கிளம்பவும் முடியாது. முதல்முறை வெளியிலிருந்து ரேடியோ அலையால் ஓர் உந்து கொடுக்க வேண்டியிருந்தது, தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வண்டி மாதிரி. ஐந்து மணி நேரம் வரை ஓடியது. கினிப்பன்றிக்குக் காதும் கேட்டது. இதைவிட என் பாட்டிக்கு என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது செய்தி, உணரிகளின் பேச்சு. சின்ன உணரிக்குக் கணக்குப் போடுவதைவிட ரேடியோவில் பேசுவதுதான் பெருஞ்செலவு. அதனால் 2000இல் வெண்டி ஹைன்செல்மன், சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் சொன்ன முறையில், உணரிகள் குழுவாகச் சேர்ந்து ஒன்றைத் தலைவராக்கும். அது மட்டும் தூரத்துக்குப் பேசும். அது களைத்துப்போவதற்குள் பதவி அடுத்ததற்குப் போகும். மேடையில் இருக்கும் தலைவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் உணரியைத்தான் சொல்கிறேன். இதை விரிவாகச் சொல்லப் படங்கள் கொண்டுவந்திருந்தேன். செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், ஐந்து நிமிடம்தானாம். அப்படியானால் படங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இந்த ஐந்து நிமிடத்தில் நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் ‘யூரோப்’ (UROP) என்ற திட்டம் 1969இலிருந்தே உண்டு. சந்திரகாசன் துறைத் தலைவராக இருந்தபோது, 2012இல், அதை நீட்டி, ஒரு முழு ஆண்டு ஒரே ஆய்வில் உட்கார்ந்து வேலை செய்யும் ‘சூப்பர் யூரோப்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே இருக்கும் பணம் நம்மிடம் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அங்கே அவர்கள் கொடுப்பதில் ஒன்று மட்டும் நம்மிடமும் இருக்கிறது, அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம். எத்தனை பள்ளியில், எத்தனை கல்லூரியில் மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் பிளாஸ்டிக் உறையோடு தணிக்கைக்காகக் காத்திருக்கிறது? தலைமை ஆசிரியை அம்மா தலையசைக்கிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் அம்மா. பெரிய ஆய்வகம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மாலை, இரண்டு மணி நேரம், அலமாரி திறந்திருக்கட்டும். பதிவேட்டில் ‘பழுது’ என்று எழுத ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு விசாரணை வேண்டாம்.

நூலகரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். புத்தகம் மாதிரியே மல்டிமீட்டரும் பதினான்கு நாள் இரவல் தரலாமா என்று போன மாதம் கேட்டேன். விதியில் இல்லை என்றார். கூடாது என்று விதியில் இருக்கிறதா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அதுவும் இல்லை சார்” என்றார்.

இதோ, மேசை மேல் வைத்திருக்கிறேன். நான்கு மீட்டர். ஒவ்வொன்றின் உறையிலும் ஐந்து உபரி ஃபியூஸ் இருக்கிறது. தீர்ந்தால் எனக்கு ஒரு போன் போதும், கையெழுத்து வேண்டாம். யாராவது இங்கேயே ஒன்றைப் போக்கிவிட நினைத்தால் முன்னால் வாருங்கள், பேட்டரியும் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் நன்றியுரை சொல்லட்டும், நாம் இந்தப் பக்கம் நிற்போம்.