கிடார் பிக்கப்பை நாமே சுற்றலாம்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையில் எண்கள் கொஞ்சம் அதிகமாக வரும். பேனாவும் காகிதமும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எலக்ட்ரிக் கிடாரின் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே போகும் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அதனால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. முதன்முறை சுற்றுகிறவர்கள் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருள் பிக்கப்பில் தொடங்கட்டும். இரட்டைச் சுருள் ஹம்பக்கரில் இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அது அடுத்த கட்டம்.

தேவைப்படும் பொருட்கள் அதிகமில்லை. ஆல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத் தண்டுகள் 6, ஒவ்வொன்றும் சுமார் 5 மி.மீ. விட்டம், 17 அல்லது 18 மி.மீ. நீளம். மேலும் கீழும் வைக்க இரண்டு ஃபைபர் தகடுகள். வெளியே வரும் இணைப்புக்குக் கொஞ்சம் உறை போட்ட வயர். அப்புறம் எனாமல் பூசிய செப்புக் கம்பி. ஒரு பிக்கப்புக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இழுக்கும், ஆனால் எடை 30 கிராம் அளவுதான் வரும்.

கம்பி வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிக்கப்புக்கு 42 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்) என்று எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். அது அமெரிக்க அளவு, அதாவது 0.063 மி.மீ. பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவில் 42 என்றால் 0.10 மி.மீ. அதை வாங்கிவந்து சுற்றினால் பாதிச் சுற்றுகூட பாபினில், அதாவது கம்பி சுற்றும் கூட்டில், கொள்ளாது. ஆகவே கேஜ் எண்ணைச் சொல்லாமல் மி.மீ. கணக்கில் கேளுங்கள். எஸ்.டபிள்யூ.ஜி.யில் இதற்கு நெருங்கியது 46.

முதலில் பாபின். இரண்டு தகடுகளுக்கும் இடையே 11 மி.மீ. கனமுள்ள கட்டை ஒன்றை வைத்து, இரு ஓரத் தண்டுகளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி) அழுத்தி ஏற்றுங்கள். அவை நேராக நின்றால் நடுவில் உள்ள நான்கும் தானாக நேராக வரும். அடுத்து, தண்டுகளின் மேல் மெல்லிய லாக்கர் பூசுங்கள் அல்லது ஒரே சுற்று மெல்லிய டேப் ஒட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தண்டின் கூர்மையான விளிம்பு எனாமலைச் சுரண்டிவிட்டால் சுற்றுகள் தண்டின் வழியாக ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். பின்னாளில் தண்டு துருப்பிடித்தாலும் அந்த உள்சுற்றுகள்தான் முதலில் அறுந்துபோகும்.

இனி சுற்றும் வேலை. சின்ன மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துக் கூட்ட ஒரு கட்டுப்பாடு, சுற்றுகளை எண்ண ஒரு கவுண்டர், கம்பி தகட்டுக்கு வெளியே போகாதபடி தடுக்க இரண்டு பக்கமும் ஒரு தடுப்பு. இவ்வளவுதான் இயந்திரம். முதல் ஐம்பது சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள். பிறகு நிமிடத்துக்கு 300, கை பழகியபின் 800 வரை போகலாம்.

கம்பியை விரலுக்கும் ஒரு துண்டு ஃபெல்ட்டுக்கும் நடுவே விடுகிறோம். பாபின் வட்டமாக இல்லை, நீளவாக்கில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுழற்சியிலும் கம்பி இரண்டு தடவை வேகமெடுக்கும், இரண்டு தடவை தளரும். விரல் இறுக்கிப் பிடித்தால் வேகமெடுக்கும் நொடியில் அறுந்துவிடும். இந்தக் கம்பி ஏறக்குறைய 70 கிராம் இழுவையில் அறுந்துபோகும், 20 முதல் 25 கிராம் போதும். அறுகிற அளவுக்குப் போகாமல் சற்று அதிகமாக இழுத்தால் கம்பி நீண்டு மெலியும், சுற்று எண்ணிக்கை மாறாமலே மின்தடை ஏறிவிடும். தளர்வாக விட்டால் நீளப் பக்கங்களில் சுருள் உப்பிக்கொண்டு கவருக்குள் நுழையாது. கம்பியை மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஒழுங்கின்றி நடத்துவது நல்லது. வரிவரியாக அடுக்கினால் சுருளுக்குள் மின்தேக்கம் கூடி உச்ச ஸ்தாயியின் பளிச்சிடல் மங்கும்.

நெக் பக்கத்துக்கு, அதாவது கிடாரின் கழுத்தை ஒட்டிய பிக்கப்புக்கு, 7,800 சுற்று வையுங்கள். தந்திகளின் அடி முனையைத் தாங்கும் பிரிட்ஜ் அருகில் தந்தியின் அசைவு குறைவு, அங்கே 8,300 வரை ஏற்றலாம். சுற்று கூடினால் ஓசை வலுக்கும், ஆனால் இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் தன்மை) கூடி ஒத்ததிர்வின் அதிர்வெண் கீழே இறங்கும். அப்போது கூர்மை குறைந்து நடு ஓசை தடிக்கும். மல்டிமீட்டரில் சுமார் 6,000 ஓம் காட்டும். அந்த எண்ணை ஒலியின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மெல்லிய 43 கேஜ் கம்பியில் அதே சுற்றைச் சுற்றினால் ஓம் கால் பங்கு கூடும், வெளிப்பாடு கூடாது. வெப்பமும் கணக்கைக் கெடுக்கும். 20 டிகிரியில் 6,000 காட்டியது 30 டிகிரியில் 6,230-ஐத் தாண்டும். ஓம் மீட்டர் பழுது பார்க்கத்தான். ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஷார்ட். குறித்துவைக்க வேண்டியது சுற்று எண்ணிக்கையும் கம்பியின் விவரமும்தான்.

கம்பி அறுந்த கேஸ்களில் பெரும்பாலானவை, கம்பியை வெளி வயரோடு பற்றவைக்கும் சால்டர் முனையில்தான் இருக்கும். பாலியூரிதேன் பூச்சு சால்டர் சூட்டிலேயே கரையும். ஃபார்ம்வார் பூச்சு கரையாது. அதைச் சுரண்டி எடுக்க, மிக நைசான உப்புத்தாளை மடித்து, அதன் நடுவே கம்பியை ஒரே ஒரு முறை மெதுவாக இழுத்தெடுங்கள்.

அடுத்தது மெழுகு. பாரஃபின் 80 பங்கு, தேன்மெழுகு 20 பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் கூடாது. சூடு 65 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் பாபின்கள் வளையும். காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 20 நிமிடம், மூழ்கியிருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் ஒலியைக் கூட்டும்போது தளர்ந்த சுற்றுகள் அதிர்ந்து பிக்கப் கீச்சிடும்.

காந்தமேற்றாத தண்டு என்றால், வைஸின் இரு தாடைகளிலும் பெரிய நியோடிமியம் காந்தங்களை எதிரெதிர் முனை பார்க்கும்படி வைத்து, பிக்கப்பை நடுவே ஒருமுறை கடத்துங்கள். விரல் பத்திரம், அவை கடும் வேகத்தில் ஒட்டும். மூன்று பிக்கப் கொண்ட கிடாரில் நடுப் பிக்கப்புக்கு மட்டும் காந்த முனையையும் சுற்றும் திசையையும் சேர்த்தே திருப்புங்கள். பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்து ஒலிக்கும்போது இரைச்சல் ரத்தாகும், இசை ரத்தாகாது. ஒன்றை மட்டும் திருப்பினால் ஓசை ஒல்லியாகி மூக்கால் பேசுவது போலிருக்கும்.

பொருத்தும்போது 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள் (ஒலியையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் திருகிகள்) போடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தந்தியை அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே கனத்த தந்திக்கு 2.5 மி.மீ., மெல்லிய தந்திக்கு 2 மி.மீ. இடைவெளி வேண்டும். பிக்கப்பை அதற்கு மேலே ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, ஒரே சுரத்தில் இரண்டு சுருதி கேட்கும். அப்படிக் கேட்டால் கனத்த தந்தியின் பக்கம் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் வாசித்துப் பாருங்கள்.