குளிர் ஊரில் கேந்தியும் டேலியாவும்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ரெண்டு வீட்டுப் பிள்ளைகளாவது வெளிநாட்டில் இருப்பார்கள். மகள் பேறுகாலத்துக்கென்று டொரண்டோ போகிற அம்மாமார், பின்வாசலில் வெறும் மண்ணைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்கள். இன்றைக்கு அவர்களுக்காகத்தான், அந்தக் குளிர் ஊரில் பூச்செடி வளர்ப்பது பற்றிப் பேசுகிறேன்.

நம் வீடுகளில் அங்கணத் தண்ணீர் போகிற ஓரத்தில் கல்வாழை நிற்கும். யார் நட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நித்தியகல்யாணி சுவர் வெடிப்பில்கூட வருஷக்கணக்கில் பூக்கும். உறைபனி விழும் ஊரில் வெளியே விட்டால் இவற்றுக்கு ஆயுசு ஒரு பருவம்தான். செடிக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, மறுநாள் வெயிலில் இலையெல்லாம் வெந்த கீரையாய்க் கறுத்துத் தொங்கும்.

அதனால் என் யோசனை, காசு கொடுத்து வாங்குவது டேலியா, கல்வாழை, ஜெரேனியம் என்று ரெண்டு மூன்றோடு நிற்கட்டும். மிச்ச இடமெல்லாம் விதை போட்டு ஒரே பருவத்தில் பூத்து முடிகிற கேந்தி (செண்டுமல்லி), ஜினியா, காசித்தும்பை. டேலியா பூக்க ஆடி, ஆவணி ஆகிவிடும். அதுவரை முற்றத்தைக் கேந்தி பார்த்துக்கொள்ளும். விதையை இங்கிருந்து முடிந்துகொண்டு போகாதீர்கள். விமான நிலையத்தில் வீண் வம்பு, அங்கே கடையிலேயே கிடைக்கும்.

சித்திரை வெயிலை அங்கே நம்பக்கூடாது. பகலில் இதமாக இருக்கும், ராத்திரி பனி விழும். மே 25க்கு முந்தின திங்கட்கிழமை, கனடாவில் விக்டோரியா தினம் என்று விடுமுறை. அது கழிந்துதான் அந்த ஊர்க்காரர்கள் நடுவார்கள். நம் கணக்கில் வைகாசி பிறந்து ஒரு வாரம். கேந்தி விதையை அதற்கு ஆறு வாரம் முன்பே ஜன்னலோரத்தில் போட்டு நாற்றாக்கலாம். ஜினியாவுக்கு வேர் அசைந்தால் ஆகாது, நேரே மண்ணில் ஊன்றுங்கள்.

ஜெரேனியத்தைப் பனிக்கு முன்பே தொட்டியில் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடணும். டேலியாவுக்கு அவசரமில்லை. அக்டோபர் வாக்கில் முதல் பனியில் இலை கறுத்ததும், தண்டை அரையடி விட்டு வெட்டி, தண்டுக்குத் தள்ளி மண்வெட்டியைப் போட்டுக் கிழங்கைக் கிளப்புங்கள். முளை விடும் கண் இருப்பது தண்டோடு சேரும் கழுத்தில். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. உலர்த்தி, மரத்தூளில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி இருக்கும் நிலவறை மூலையில் வையுங்கள். கல்வாழைக்கும் இதேதான், தூளில் லேசாக ஈரம் இருக்கட்டும்.

அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். மாசம் ஒரு தடவை கிழங்கைத் தொட்டுப் பார்த்து, அழுகினதை எடுத்துப் போடுவது மருமகன் பொறுப்பு. போனில் பேரனை விசாரிக்கும்போது கிழங்கையும் சேர்த்து விசாரியுங்கள். வணக்கம்.