பித்தப்பை ஆபரேஷனுக்குப் பை கட்டுகிறேன். பாதிப் பை சித்திக்கு

வணக்கம். கட்டில் முழுக்கத் துணியும் டப்பாவுமாகக் கிடப்பதைப் பார்த்து ஏதோ ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாளை மாலை ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன். மறுநாள் காலை பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன். பூரி, வடை என்று எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டாலே வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகு வரை இழுக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. நுண்துளை முறையில் எடுத்துவிடலாம், எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அம்மாச்சிக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது நான் சிறுமி. விலா ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத் தைத்திருந்தார்கள். டிரங்குப் பெட்டி, ஸ்டவ், பால் காய்ச்சும் பாத்திரம் என்று வீடு மாற்றுவது போலச் சாமான்கள் போயின. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர்தான் பித்தப்பையை முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி என்ற இந்த நுண்துளை முறையில் எடுத்தார். இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா அதைத் தொடங்கி வைத்தார். என்னுடைய பை இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இணையத்தில் தேடினால் நிறையப் பட்டியல்கள் வருகின்றன. புத்தகம் எடுத்துக்கொள், ஹெட்போன் எடுத்துக்கொள், பிடித்த தலையணை எடுத்துக்கொள் என்று எல்லாமே படுத்திருப்பவருக்கு. ஆனால் ஆபரேஷன் அன்று நான் மயக்கத்திலும் அரைத் தூக்கத்திலும்தான் இருப்பேன். அந்தப் பையைத் திறந்து துழாவப் போகிறவர் என் சித்தி. நான் சேரும் ஆஸ்பத்திரியில் இரவில் பெண்கள் பகுதியில் பெண் துணைதான் தங்க முடியும். அதனால் என் கணவர் பகலில் வந்து போவார், சித்தி கூடவே இருப்பார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே ஓடுவது, கவுண்டரில் வரிசையில் நிற்பது, நர்ஸ் கேட்டதை எடுத்து நீட்டுவது எல்லாம் அவர்தான். ஆகவே அவர் கண்ணுக்கும் கைக்கும் தோதாகத்தான் நான் இதைக் கட்டுகிறேன்.

முதலில் ஃபைல். இதை எந்தப் பைக்குள்ளும் வைக்கப் போவதில்லை. தோளில் மாட்டும் இந்தத் துணிப்பையில் தனியாக, சித்தியிடமே இருக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் தேதி வரிசையில் இருக்கின்றன, புதியது மேலே. வலி என்று முதன்முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இந்த நோய் எப்போதிலிருந்து இருக்கிறது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும்போது அந்தச் சின்னச் சீட்டைத்தான் தேடுவார்கள். பாலிசி நகல், ஆதார், பான் அட்டை, இவற்றுக்கு ஜெராக்ஸ். ரொக்கமில்லா சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டால் 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் இன்சூரன்ஸ் நிறுவனம் முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளுடன் பெஞ்சில் காத்திருக்கும்போது இது தெரிந்திருந்தால் தைரியமாகப் போய்க் கேட்கலாம். கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் செலவுகளைப் பல பாலிசிகள் தருவதில்லை, அதற்குக் கொஞ்சம் பணம் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் குடும்ப அட்டையையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். என் பெயர், வயது, ரத்த வகை. நான் தினமும் போடும் தைராய்டு மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மணிக்கு. கீழே சிவப்பு மையில், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. சித்திக்கு அந்த மருந்தின் பெயர் வாயில் நுழையாது, நுழைய வேண்டியதும் இல்லை, தாளை நீட்டினால் போதும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள். அட்டையோடு கொண்டுபோனால்தான் இது என்ன மாத்திரை என்று நர்ஸ் படித்துப் பார்க்க முடியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும் சர்க்கரைக்காரர்களும் எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அதையும் இந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து துணி. மூன்று நைட்டி, அவ்வளவுதான். முன்பக்கம் ஜிப் வைத்தது, தளர்வானது. சுடிதார் ஏன் வேண்டாம் என்று என் வயிற்றிலேயே காட்டுகிறேன். ஒரு துளை தொப்புளை ஒட்டி வரும். ஒன்று நெஞ்செலும்புக்குக் கீழே. இரண்டு வலது பக்கம். சுடிதார் நாடாவையோ பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டினால் நேராகத் தொப்புள் தையலின் மேல் உட்காரும். உள்ளாடை வாங்கும்போதும் எலாஸ்டிக் எங்கே வருகிறது என்று பார்த்து வாங்கினேன். ஆண்கள் என்றால் லுங்கி, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. அடர்ந்த நிறத் துணியாக எடுத்துக்கொள்ளுங்கள், கறை பட்டாலும் மனம் பதறாது.

செருப்பு, அடியில் பிடிப்புள்ளது. ஆபரேஷன் அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள், ஆஸ்பத்திரித் தரை வழுக்கும். மெல்லிய போர்வை, துண்டு இரண்டு, பல் துலக்கும் சாமான், சீப்பு, வாசலின். தண்ணீர் குடிக்கக் கூடாத நேரத்தில் உதடு காய்ந்து வெடிக்கும், அப்போது வாசலின் பெரிய உதவி. நீளமான வயர் உள்ள சார்ஜர். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பாய், சின்ன வாளி, குவளை, தட்டு, டம்ளர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நகைதான் பெண்களுக்குப் பெரிய விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உள்ளே ரத்தக்குழாய்களை அடைக்க மின்சாரத்தால் சூடேறும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் சுடும் அபாயம் உண்டு. சலைன் ஏறும்போது விரல் வீங்கினால் மோதிரம் இறுக்கும். மூக்குத்தியின் திருகாணி வருடக் கணக்கில் கழற்றாமல் இறுகிப் போயிருக்கும். ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அதைத் திருகிப் போராட வேண்டாம். நான் நேற்றே தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்துக் கழற்றினேன். மெட்டிக்குச் சோப்பு நுரை. கால் விரலில் அழுந்திய வெள்ளைத் தடம் பாருங்கள், இன்னும் போகவில்லை.

தாலிக்கொடியை என்ன செய்வது என்று பலருக்கும் கலக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. மயக்க டாக்டரிடம் நேரடியாகக் கேட்டேன். உலோகம் இல்லாத கயிறு என்றால் தடையில்லை, தேவைப்பட்டால் நாங்கள் நகர்த்திவைத்துக்கொள்வோம் என்றார். அதனால் இன்று காலை பூஜை அறையில் உட்கார்ந்து, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டி அணிந்துகொண்டு, கொடியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவில் வைத்தார். உங்கள் டாக்டரிடம் நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள், இது நியாயமான கேள்விதான்.

நகப்பூச்சையும் எடுத்துவிடுங்கள். விரல் நுனியில் மாட்டும் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தித்தான் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று கணக்கிடுகிறது, நகத்தில் சாயம் இருந்தால் அளவு பிசகலாம். அடுத்த வாரம் கல்யாணம் இருக்கிறது என்று இப்போதே விரல் நிறைய மருதாணி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தலைமுடியை இரண்டு பக்கமும் பின்னிவிடுவார்கள், பின்னால் கொண்டை இருந்தால் தலையைச் சரியாக வைக்க முடியாது. அதற்காகத் துணி ரிப்பன் இரண்டு வைத்திருக்கிறேன்.

இப்போது சித்தியின் பை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

சித்திக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை போடுகிறார். என்னை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மாத்திரையைப் போட்டுவிட்டு, “அவள் வெளியே வரட்டும், எனக்கு ஒன்றும் இறங்காது” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். ஆபரேஷன் அறை வாசலில் துணைக்கு வந்தவர் மயங்கி விழுந்தால் அவரை யார் பார்ப்பது? ஆகவே அவர் பையின் மேல் அறையில் இட்லி டப்பா, பொடி தடவியது, சீக்கிரம் கெட்டுப்போகாது. மாத்திரை அந்த டப்பாவோடு சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறது. இட்லியை எடுக்காமல் மாத்திரையை எடுக்க முடியாது. பக்கத்தில் குளுக்கோஸ் பொட்டலம். பிளாஸ்கில் சர்க்கரையில்லாத காபி. அவருடைய கண்ணாடி, ஸ்வெட்டர், கால் நீட்டிப் படுக்கப் பாய், ஊதி வைக்கும் சின்னத் தலையணை. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை, ஏனென்றால் சித்தி போனில் பணம் அனுப்ப மாட்டார்.

இந்தத் தின்பண்டம் எதுவும் என் பைக்குள் வரக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் திட உணவை 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம், தெளிந்த தண்ணீரை 2 மணி நேரம் நிறுத்திவிட வேண்டும் என்பது மயக்க டாக்டர்களின் பொதுவான கணக்கு. உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் சட்டம். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பாவம், வாடிப்போய்க் கிடக்கிறாளே என்று பாசத்தில் ஒரு வாய் காபி கொடுத்துவிடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. சித்தி வந்ததும் இதைக் கையைப் பிடித்துச் சொல்லப் போகிறேன்.

சித்திக்கு இன்னும் மூன்று விஷயங்கள் எழுதி வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில். ஒன்று, என் பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் ஆளாளுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்பார்கள். “இவர்களுக்கு ஒன்றும் தெரியாதா” என்று அவர் பயப்படக் கூடாது. ஆள் மாறாமல், இடம் மாறாமல் இருக்க உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை அது. இரண்டாவது, ஆபரேஷன் முடிந்ததும் உறவினரைக் கூப்பிட்டு, எடுத்த பித்தப்பையையும் கற்களையும் ஒரு கிண்ணத்தில் காட்டுவது இங்கே பல ஆஸ்பத்திரிகளில் வழக்கம். சித்தி ரத்தம் பார்த்தால் தாங்க மாட்டார். அதற்கு என் கணவர் போவார், சித்தி உட்கார்ந்தே இருக்கட்டும். பித்தப்பை பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனைக்குப் போகும் என்பதால் அந்த ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டியதும் கணவரின் பொறுப்பு.

மூன்றாவது, தோள்பட்டை வலி. வயிற்றுக்குள் இடம் உண்டாக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். மிச்சம் தங்கும் வாயு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும், அதன் நரம்பின் வழியாக வலி தோளில் தெரியும், பெரும்பாலும் வலது பக்கம். வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது, நெஞ்சு வலியோ என்று சித்தி கலங்கிப் போவார். நர்ஸிடம் சொல்லட்டும், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். கைத்தாங்கலாக என்னை நாலு அடி நடக்க வைத்தால் பெரும்பாலும் குறையும் என்றும் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக இந்தக் குட்டித் தலையணை. இது தலைக்கு வைக்க அல்ல. இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றில் அணைத்துப் பிடித்தால் தையல் இழுக்காது. வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெருமுனை வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ வேண்டாம், கார் பிடித்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். காரில் சீட் பெல்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இது இருக்கும்.

சித்தி சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். வந்ததும் காபி கொடுத்துவிட்டு, இரண்டு பைகளையும் அவர் கையால் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். நைட்டி எங்கே, வாசலின் எங்கே, சிவப்பு மைத் தாள் எங்கே என்று கேட்பேன். அவர் எதையாவது தேடித் தடுமாறினால், அதை அவர் சொல்லும் இடத்துக்கே மாற்றி வைத்துவிட்டு ஜிப்பை மூடுவோம்.