பத்து சென்ட் தக்காளி: பண்ணைக் கிளப்புகள் பிறந்த கதை

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளம், நடுவே ஒரு சிறுவன்.)

1902 ஜனவரி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ.பி. கிரஹாம், நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுமார் 30 பிள்ளைகளைக் கூட்டினார். மண்ணில் புளிப்பு இருக்கிறதா என்று லிட்மஸ் தாளை வைத்துப் பார்ப்பது, நல்ல விதைச்சோளம் தேர்ந்தெடுப்பது, காய்கறி போடுவது. இவைதான் பாடம். பின்னாளில் 4-எச் என்று பெயர் வாங்கிய, பிள்ளைகளுக்கான பண்ணைக் கிளப் இயக்கத்துக்கு இந்தக் கூட்டத்தைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

தெற்கு மாநிலங்களில் நிலைமை வேறு. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு டெக்சாஸில் நுழைந்து, ஆண்டுக்கு ஆண்டு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பருத்தியையே நம்பியிருந்தவர்கள் வேறு பயிருக்கும் வர வேண்டும். ஆனால் அதிகாரி சொன்னால் கேட்பார்களா? தன் நிலத்தில் கண்ணால் பார்த்தால்தான் விவசாயி நம்புவார் என்பதை வேளாண் துறையின் சீமன் நாப் நன்றாக அறிந்தவர். 1907இல் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டக் கல்வி அதிகாரி வில்லியம் ஸ்மித் பையன்களுக்கு மக்காச்சோளக் கிளப் தொடங்கியபோது, நாப் கைகொடுத்தார். அப்பாவின் நிலத்தில் மகனுக்கு ஒரு துண்டு. அறுவடையன்று இரண்டையும் அளந்து பார்த்தால் போதும், யாரும் பேசி விளக்க வேண்டியதில்லை.

1910இல் தென் கரோலினாவின் ஜெர்ரி மூர் என்ற 15 வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228 புஷல் எடுத்தான். அதாவது கிட்டத்தட்ட 5.8 டன். மாநிலச் சராசரியைப் போல் பத்து மடங்குக்கும் மேல்!

(திரையில்: தக்காளித் தோட்டம், தகர டப்பாக்கள்.)

சரி, பெண் பிள்ளைகள்? அதே மாநிலத்தில் ஏக்கன் மாவட்டத்து ஆசிரியை மரீ குரோமருக்கு இந்தக் கேள்விதான் மனதை அரித்தது. 1910இல் 47 பெண்களைச் சேர்த்தார். ஒருத்திக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் பத்து சென்ட். ஏன் தக்காளி? எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்து வீணாகிற பயிர் அது. புளிப்பு இருப்பதால் கொதிநீரிலேயே பதப்படுத்தி டப்பாவில் அடைக்கலாம், குளிர்காலத்தில் விற்கலாம். முதல் பரிசு, கல்லூரியில் படிக்க உதவித்தொகை.

ஜெர்ரியின் சாதனையைவிட எனக்கு இந்தப் பெண்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். விதைத்ததும் அவர்கள், அடைத்ததும் அவர்கள். வரவு செலவு நோட்டும் அவர்கள் கையெழுத்தில்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தெற்கில் கறுப்பினப் பிள்ளைகளை இந்தக் கிளப்புகளில் சேர்க்கவில்லை, தனிக் கிளப்புகளில்தான் இடம். அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிறுவனத்திலிருந்து தாமஸ் கேம்பல் 1906 முதலே, விவசாயம் சொல்லிக்கொடுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்களுடைய ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, இந்த வேலைக்குக் கூட்டாட்சி அரசின் பணம் நிரந்தரமாகக் கிடைத்தது. அப்புறம் 4-எச் இயக்கத்தின் நான்கு இலைச் சின்னம்: தலை, இதயம், கைகள், உடல்நலம். ஆங்கிலத்தில் நான்கும் எச் எழுத்தில் தொடங்குகின்றன. அந்தப் பெண்கள் விற்ற டப்பாக்களின் லேபிளிலும் அதுதான் அச்சாகியிருந்தது.